கேட்டுவிட்டுப் பாடம் நடத்தியவர்

எங்கள் பள்ளியில் ஹிஸ்டரி டீச்சர் என்றால் அவர் ஒருவர்தான். வரலாறு நடத்த இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்குப் பெயர் இருந்தது. இவருக்குப் பாடமே பெயராகிவிட்டது. நெட்டையான உருவம். நெட்டையாக இருப்பதற்கு மன்னிப்புக் கேட்பதுபோல் கொஞ்சம் குனிந்தே நடப்பார். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் நீள நோட்டு ஒன்று. வாரத்தில் இரண்டு நாள் பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் அந்தப் பையோடு திருவண்ணாமலைத் தெருக்களில் யாரையாவது தேடிக்கொண்டு போவார். எதற்கு என்றால், மறுநாள் நடத்தப் போகும் பாடத்தை, அதில் வருகிறவர்களின் மதத்தையோ ஊரையோ சேர்ந்தவர்களிடம் வாசித்துக் காட்டிக் கருத்துக் கேட்பதற்கு.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நானும் ஏழு வருடம் சிரித்தேன். இந்தப் பழக்கத்தால் ஒரு வருடம் அவர் உயிராக நினைத்த வகுப்பே கையைவிட்டுப் போகப் பார்த்தது. அன்று என் வாயும் சும்மா இருக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ப்ளஸ் டூ வந்தபோது புதிய வகுப்புக்கு உலக வரலாறு வைத்தார்கள். உதுமானியத் துருக்கியர், பாரசீகத்து சஃபாவியர், முகலாயர், ஸ்பெயின்காரர்கள் கப்பலில் போய் அழித்த இன்கா ராஜ்ஜியம், ஜெர்மனியில் ஒரு துறவி எதிர்த்துப் பேசியதால் கிறிஸ்தவ சபை இரண்டாகப் பிரிந்த கதை. பன்னிரண்டு வருடம் ஆறாம் வகுப்புக்கு ஹரப்பாவையும் மொகஞ்சதாரோவையும் நடத்தி அலுத்துப் போயிருந்தவர் அவர். புதிய புத்தகம் வந்த அன்று அதை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமில் சாப்பிடக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார். அந்த வகுப்பு கிடைக்க வேண்டும் என்று அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டீர்களா என்று கேட்டேன். "உங்க சாமிகிட்ட நான் கேட்டா உங்களுக்குக் கம்மியாயிடப் போவுது தமிழம்மா" என்றார். அவர் நயினார் வீட்டுப் பெண், ஜைனர். போளூர் பக்கம் அவர்களுக்கு நிலம் உண்டு. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார். மாலை மீட்டிங் இழுத்துக்கொண்டே போனால் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் கேலி செய்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

தமிழம்மா என்றால் நான்தான். தமிழ் நடத்துகிறவர்களை எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அவங்களக் கேட்டீங்களா?" என்பது அவர் வாயிலேயே இருக்கும். ஒருமுறை டிராயிங் டீச்சர் தன் நாத்தனாரைப் பற்றி மதிய இடைவேளை முழுக்கப் புலம்பினார். நாங்கள் எல்லோரும் உச்சுக்கொட்டிக் கேட்டோம். ஹிஸ்டரி டீச்சர் மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "அவங்களக் கேட்டீங்களா?" என்றார். அவ்வளவுதான். டிராயிங் டீச்சர் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. எங்களுக்கும் சுவாரஸ்யமான ஒரு விஷயம் பாதியில் நின்றுபோனது.

உதுமானியர் பாடத்துக்காக அவர் பள்ளிவாசலுக்குப் போன அன்று துணைக்கு நானும் போனேன். அங்கிருந்த பெரியவர் வெளியே வந்து, வாசலிலேயே எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"துருக்கி ராஜாங்களப் பத்தி எனக்கு என்னம்மா தெரியும்? நான் ஆம்பூர்க்காரன். எங்கப்பா தோல் மண்டியில வேலை பாத்தவரு."

"ராஜாவப் பத்திப் புஸ்தகமே சொல்லிடுதுங்க" என்றார் இவர். "உங்க வீட்டுப் பொண்ணு ஒண்ணு கிளாஸ்ல உக்காந்து இதக் கேட்டா, எந்த எடத்துல தலை குனியும்னு மட்டும் சொல்லுங்க."

பெரியவரின் சிரிப்பு நின்றது. கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாடத்தையும் கேட்டார். முடிந்ததும் முதல் வரியை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாளின் துணையோடு மதத்தைப் பரப்பினார்கள் என்று தொடங்கும் வரி அது. "பொய்யின்னு நான் சொல்லலம்மா. கத்தி எடுக்காத ராஜா யாரு? ஆனா எங்க ஆளுங்க வர்ற ஒரு பாடத்துல, மொதல் வார்த்தையே அதுதானா?" என்றார்.

மறுநாள் வகுப்பில் அவர் புத்தகத்தில் இருந்ததை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் வாசித்தார். "பரீட்சையில இதையே எழுதுங்க" என்றார். பிறகு எல்லோரையும் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பச் சொன்னார். பள்ளிவாசல் பெரியவர் சொன்னதை அதில் எழுத வைத்தார். "இது மார்க்குக்கு இல்ல" என்று சேர்த்துக்கொண்டார். அவரிடம் படித்த பெண்களின் நோட்டெல்லாம் முன்பக்கம் மார்க்குக்கும் பின்பக்கம் மார்க்குக்கு இல்லாததற்குமாக இரண்டு பக்கத்திலிருந்தும் நிரம்பிக்கொண்டு வரும்.

சபை பிரிந்த பாடத்துக்குப் பாதிரியார் ஒருவரைப் பிடித்தார். அந்தப் பாதிரியார் பிரிந்து போன பக்கத்தைச் சேர்ந்தவர். பாதிவரை உற்சாகமாகக் கேட்டவர், போப்பாண்டவரைப் பற்றிய பகுதி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "இத அவங்களையே கேட்டுக்கோங்க டீச்சர். நான் சொன்னா கொஞ்சம் ஜாஸ்தியாயிடும்" என்றார். அவர் நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ஹிஸ்டரி டீச்சர் அங்கிருந்து நேராகக் கன்னியாஸ்திரிகளிடம் போனார். அதோடு விட்டாரா? அந்தத் துறவியின் ஊர்க்காரர் ஒருவர் வேண்டும் என்று வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் செங்கம் ரோட்டில் அறை எடுத்திருந்த ஜெர்மன்காரர் ஒருவரையும் தேடிப் பிடித்தார். காவி வேட்டி கட்டி விபூதி பூசியிருந்த அந்த மனிதர், "அதையெல்லாம் விட்டுத்தானே இங்கே வந்தேன்" என்று இங்கிலீஷில் சொல்லிக் கும்பிட்டார். இவரும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு வந்தார். "பாவம், நல்லாத் தூங்கிட்டிருந்தவர எழுப்பிட்டேன்" என்று வழியெல்லாம் வருத்தப்பட்டார்.

சஃபாவியர் பாடம்தான் பெரும்பாடாகிவிட்டது. அவர்கள் ஷியா முஸ்லிம்கள். ஊரில் விசாரித்த இடமெல்லாம் ஷியா யாரும் இல்லை என்றார்கள். உரியவர் கிடைக்காமல் நடத்த மாட்டேன் என்று அந்தப் பாடத்தைத் தள்ளி வைத்துவிட்டார். அரைப் பரீட்சை வந்துகொண்டிருந்தது. பெண்கள் என்னிடம் வந்து முறையிட்டார்கள். கடைசியில் கார்த்திகை தீபத்துக்கு அத்தர் விற்க ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்தவர் ஒருவர் ஷியா என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தீபத்துக்கு முந்தின நாள், நெரிசலில் செருப்பு ஒன்று போனதுகூடத் தெரியாமல் என்னை இழுத்துக்கொண்டு கடை கடையாகத் தேடினார். கண்டுபிடித்ததும் அந்த மனிதரின் பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து நோட்டை விரித்தார். அவர் பாடம் கேட்ட அரைமணியில் வந்த வாடிக்கையெல்லாம் பக்கத்துக் கடைக்குப் போனது. கேட்டு முடித்ததும் ஒரு சின்ன அத்தர் குப்பியைக் கையில் கொடுத்து, காசு வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். "இந்த ஊருக்கு இருபது வருஷமா வரேன். நீ யாருன்னு கேட்ட மொத ஆளு நீங்கதாம்மா" என்றார். ஒற்றைச் செருப்போடு வீடு வரை நடந்த ஹிஸ்டரி டீச்சரின் முகத்தில் அன்று இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இன்கா பாடத்துக்கு என்ன செய்தார் என்றும் சொல்ல வேண்டும். செங்கம் ரோட்டில் இரண்டு வாரம் அலைந்தும் தென் அமெரிக்கப் பக்கத்து ஆள் ஒருவரும் அகப்படவில்லை. வகுப்பில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "இவங்களக் கேக்க ஆளு கெடைக்கலம்மா. அதனால கொஞ்சம் மெதுவாப் படிப்போம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான்கு பக்கப் பாடத்தை ஒரு வாரம் நடத்தினார். பக்கத்து வகுப்பிலிருந்த எனக்கே தெரிந்தது, அந்த வாரம் அவர் குரல் எவ்வளவு தணிந்திருந்தது என்று.

பக்கத்து வகுப்பு என்றேன். அது ஒரு நீள ஹால். நடுவில் பலகை வைத்து அடைத்து இரண்டாக்கியிருந்தார்கள். பலகை கூரை வரை எட்டாது. அந்தப் பக்கம் அவருடைய வரலாற்றுப் பிரிவு, இந்தப் பக்கம் என்னுடைய எட்டாம் வகுப்பு. நான் சத்தமாக நடத்துகிறவள். பாட்டுப் பாடுவேன், நடித்துக் காட்டுவேன். என் வகுப்பில் ஒரு பெண்ணும் தூங்கியதில்லை என்று எனக்குக் கர்வமே உண்டு.

அதிலும் ஒரு பாடம் என் பெயரைச் சொல்லும். மதுரையில் சைவரிடம் வாதத்தில் தோற்ற சமணர்களைக் கழுவேற்றிய கதை. அந்தச் சமண முனிவர்களாக நானே மாறிவிடுவேன். துடைப்பத்தை மயிற்பீலியாகப் பிடித்துக்கொண்டு, மூக்கால் பேசி, முணுமுணுத்து, கண்ணை உருட்டி, கடைசியில் கழுமரத்தைக் கண்டதும் பின்வாங்கி ஓடிக் காட்டுவேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். எட்டாம் வகுப்புக்கு வரும் பெண்கள் ஜூன் மாதமே, "அந்தப் பாடம் எப்ப டீச்சர்?" என்று கேட்பார்கள். ஒருமுறை மணி அடித்த பிறகு ஹிஸ்டரி டீச்சரிடம், "சத்தம் ஜாஸ்தியாயிடுச்சா அக்கா?" என்று கேட்டேன். "பரவால்ல தமிழம்மா" என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

ஏழாவது வருடம் பிரச்சினை வந்தது. தேரடி வீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவர் தன் மகளின் வரலாற்று நோட்டைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியையின் அறைக்கு வந்துவிட்டார். பின்பக்கத்தில் பள்ளிவாசல் பெரியவர் சொன்னது இருந்தது. வேலூருக்கு, கல்வி அதிகாரிக்கு எழுதிப் போடுவேன் என்று கத்தினார். எங்கள் தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. ஆனால் வேலூர் என்ற பெயரைக் கேட்டாலே அவருக்கு வியர்க்கும். ஹிஸ்டரி டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார். பக்கத்து வகுப்பு என்பதால் சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டார்.

"இனிமே பாடத்த வெளியில யாருகிட்டயும் போயிக் கேக்க மாட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியை. "இல்லைனா திங்கக்கெழமலேர்ந்து உங்கள ஆறாங்கிளாஸுக்கு மாத்திட்டு ப்ளஸ் டூவ வேற யாருக்காவது குடுக்கணும். எனக்கு வேற வழி தெரியல."

ஹிஸ்டரி டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. அந்த வகுப்பு அவருக்கு என்ன என்பது எனக்குத் தெரியும். "கேக்காம நடத்த எனக்கு வராதுங்க மேடம்" என்றார், குரல் எழும்பாமல்.

எப்படியாவது அவரைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று எனக்குத் துடித்தது. நல்லது செய்கிறேன் என்றுதான் பாத்திரக்கடைக்காரரிடம் வாயைத் திறந்தேன். "சார், அவங்க மனசுல கெட்ட எண்ணம் எதுவும் இல்ல. கொஞ்சம் அதிகப்படியா யோசிப்பாங்க, அவ்வளவுதான்" என்றேன். பிறகு அவர் பக்கம் திரும்பி, "எழுதிக் குடுத்துடுங்கக்கா. நாங்கல்லாம் யாரைக் கேட்டு நடத்துறோம்? நான் ஏழு வருஷமா புஸ்தகத்துல இருக்கறத அப்படியே நடத்துறேன். இதுவரைக்கும் ஒருத்தர் மனசு கஷ்டப்பட்டதில்லையே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. ரொம்ப நேரம் நடந்து களைத்தவர் எங்கேயாவது உட்காரலாமா என்று பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை.

"வருஷா வருஷம் தமிழம்மா எங்காளுங்களக் கழுவேத்துவாங்க சார்" என்றார், பாத்திரக்கடைக்காரரைப் பார்த்து. "தப்பா சொல்லல. அவங்க பாடம் அது. பலகைக்கு இந்தாண்ட நான் கிளாஸ் எடுத்துக்கிட்டிருப்பேன். அந்தச் சிரிப்பு ஆரம்பிச்சதும் போர்டு பக்கம் திரும்பி எதையாவது எழுத ஆரம்பிச்சுடுவேன். சிரிப்பு அடங்கினப்பறம்தான் பொண்ணுங்க பக்கம் திரும்புவேன். முன்னாடி திரும்ப முடியாது. மூஞ்சி காட்டிக் குடுத்துடும். என் கிளாஸ்ல எந்தப் பொண்ணும் அந்த மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காரக் கூடாதுனுதான் போயிப் போயிக் கேக்கறேன். வேற ஒண்ணும் இல்ல."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் ஜைனர் என்று எனக்குத் தெரியாதா? சமணர் என்றால் யார் என்று தமிழ் படித்த எனக்குத் தெரியாதா? இரண்டும் எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டையும் சேர்த்து ஒரு நாள்கூட நான் நினைத்துப் பார்த்ததில்லை.

முதலில் வாயைத் திறந்தவர் பாத்திரக்கடைக்காரர்தான். கத்தல் போய்விட்டிருந்தது, மனத்தாங்கல் போகவில்லை. "நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா ஒண்ணு கேக்கறேன். கோயில இடிச்ச பாடம் வந்துச்சே, அதுக்கு எங்கள வந்து கேட்டீங்களா? பள்ளிவாசலுக்குப் போனீங்க, சர்ச்சுக்குப் போனீங்க. இவ்ளோ பெரிய கோயில் வாசல்ல கடை வெச்சிருக்கோம். நாங்க ஆளாத் தெரியலயா?"

ஹிஸ்டரி டீச்சர் திடுக்கிட்டுப் போனார். ஏழு வருடத்தில் அவருக்கு அது தோன்றவே இல்லை. ஊர் முழுக்க இருப்பவர்களைத் தேடிப் போய் என்ன கேட்பது என்று இருந்துவிட்டார் போலிருக்கிறது. "கேக்கலைங்க. தப்புதான்" என்றார். அங்கேயே பையிலிருந்து நீள நோட்டை எடுத்தார். "நாளைக்குச் சாயங்காலம் கடைக்கு வரட்டுங்களா?"

பாத்திரக்கடைக்காரர் மகளின் நோட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "வெள்ளிக்கெழம வாங்க. கூட்டம் கம்மியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலூருக்கு ஒன்றும் போகவில்லை. தலைமையாசிரியை நெற்றியைத் துடைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் வகுப்புக்குப் போகச் சொன்னார். ப்ளஸ் டூ அவரிடமே இருந்தது.

ஒரு வாரம் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் எப்போதும்போல் டிபன் பாக்ஸ் மூடியில் எனக்கும் கொஞ்சம் துவையல் வைத்து என் பக்கம் நகர்த்துவார். நான் அதைத் தொடாமல் எழுந்துவிடுவேன். எட்டாவது நாள் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். அடுத்த மாதம் அந்தப் பாடம் வருகிறது, எப்படி நடத்துவது என்று கேட்டேன். வாசித்துக் காட்டுங்கள் என்றார். வாசித்தேன். துடைப்பம் இல்லாமல், மூக்கால் பேசாமல், வெறும் எழுத்தாக வாசித்தபோது அது எனக்குத் தெரியாத பாடமாக இருந்தது. இரண்டு இடத்தில் குரல் தடுக்கியது.

"மாத்தறதுக்கு ஒண்ணும் இல்ல தமிழம்மா" என்றார். "உங்களுக்கு அது பெருமை. பெருமையா நடத்துங்க. எங்களுக்கு அது என்னன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"இத்தன வருஷத்துல ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல அக்கா?" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"சொல்லலாம்னுதான் ஒரு நாள் கெளம்பினேன். என் பொண்ணு உங்ககிட்ட எட்டாங்கிளாஸ் படிச்சாளே, அந்த வருஷம். அன்னைக்கு வீட்டுக்கு வந்தா. பையக்கூட வெக்கல. எங்க மாமியார், அவங்கப்பா எல்லாரும் இருக்கறப்ப, தமிழம்மா இன்னைக்கு இப்படி நடிச்சாங்கனு அப்படியே செஞ்சு காட்டினா. வீட்ல நாங்க நயினாருனுதான் சொல்லிக்குவோம். சமணர்னா நாமதான்னு அந்தக் கொழந்தைக்குத் தெரியாது. யாரும் ஒண்ணும் பேசல. அவ மட்டும் சிரிச்சா. நல்லா செய்யறியே கண்ணு, கை கழுவிட்டு வா சாப்பிடலாம்னேன். அவ்வளவு சந்தோஷமா இருந்தா. அதக் கெடுக்க மனசு வரல. அப்பறம் உங்ககிட்ட வந்து என்னன்னு சொல்றது?"

அந்தப் பெண்ணை எனக்கு நன்றாக நினைவிருந்தது. முதல் வரிசை, ஜன்னலோரம். வகுப்பில் யாரையும்விட அவளுக்குத்தான் சீக்கிரம் சிரிப்பு வரும். அன்று அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்துத்தான், அந்த நடிப்பை நான் இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.